பழைய ஓவர்டிராஃப்ட் கட்டணத்தை நீதிமன்றம் போய்த் திரும்ப வாங்க முடியுமா?

லண்டன் க்ராய்டனில் இருந்து எழுதியிருக்கும் நண்பருக்கு வீடு மாறும்போது ஒரு பழைய பெட்டி கிடைத்திருக்கிறது. உள்ளே 2005 முதல் 2008 வரையிலான வங்கிக் கணக்கு அறிக்கைகள். உட்கார்ந்து கூட்டிப் பார்த்திருக்கிறார். கணக்கில் பணம் போதாமல் போன 38 தடவையும் தடவைக்கு 30 பவுண்டு வீதம், மொத்தம் 1,140 பவுண்டு பிடித்திருக்கிறார்கள். “அந்தக் காலத்தில் என்னோடு வேலை பார்த்தவர்கள் பலர் நீதிமன்றம் போய்ப் பணத்தை வாங்கிவிட்டார்கள். நான்தான் சோம்பலில் விட்டுவிட்டேன். இப்போது போகலாமா? கிடைப்பதில் 30 சதவீதம் கொடுத்தால் தாங்களே வாங்கித் தருவதாக ஒரு நிறுவனம் தொலைபேசியில் துரத்துகிறது” என்கிறார். கடைசி வரியில், போகிற போக்கில், இன்னொன்றையும் சேர்த்திருக்கிறார்: 2020 நவம்பரிலிருந்து 1,500 பவுண்டு ஓவர்டிராஃப்டின், அதாவது கணக்கில் பணம் தீர்ந்த பிறகும் எடுத்துக்கொள்ள வங்கி விடும் வரம்பின், அடிமட்டத்திலேயே கிடக்கிறாராம், 39.9 சதவீத வட்டி போகிறதாம்.

நேரடியான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த 1,140 பவுண்டை மறந்துவிடுங்கள். நிறுவனத்தின் அழைப்பை எடுக்காதீர்கள். உங்களுக்கு ஏதாவது பணம் வர வழி இருக்கிறது என்றால், அது நீங்கள் கடைசி வரியில் ஒதுக்கிய விஷயத்தில் இருக்கிறது.

ஏன் என்று சொல்ல, கதையைக் கொஞ்சம் பின்னால் இருந்து தொடங்க வேண்டும். உங்கள் நண்பர்களுக்குப் பணம் கிடைத்தது உண்மை. ஆனால் சட்டம் அவர்கள் பக்கம் இருந்ததால்தான் கிடைத்தது என்று நீங்கள் நினைக்கிறீர்கள். எல்லோரும் அப்படித்தான் நினைத்தோம்.

எனக்கும் கிடைத்தது. 2006-இல் எனக்குச் சம்பளம் வெள்ளிக்கிழமை வரும், கவுன்சில் வரிக்கான டைரக்ட் டெபிட், அதாவது கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கும் தொகை, வியாழக்கிழமையே வந்து நிற்கும். ஒரு மாதம் கணக்கில் ஏழு பவுண்டு குறைந்தது. டைரக்ட் டெபிட் திரும்பியது, 35 பவுண்டு கட்டணம். அந்த 35 பவுண்டு அடுத்த மாதக் கணக்கைப் பள்ளத்தில் தள்ளியது, அதனால் தொலைபேசிக் கட்டணம் திரும்பியது, அதற்கும் 35. ஒரு கட்டணம் அடுத்த கட்டணத்தைப் பெற்றுப் போட்டுக்கொண்டே போனது. நம் ஊரில் மீட்டர் வட்டிக்காரரைப் பற்றி எவ்வளவோ பேசுகிறோம். ஏழு பவுண்டுக்கு ஒரே நாளில் 35 கேட்க அவருக்கும் கொஞ்சம் நாக்குக் கூசும்.

இது தனி ஒருவரின் கதை அல்ல. 2006-இல் மட்டும் ஏறத்தாழ 1 கோடியே 26 லட்சம் கணக்குகளில் இப்படி ஒரு கட்டணமாவது விழுந்தது என்று அப்போது நுகர்வோர் நலனைக் கவனித்த அரசு அமைப்பான நியாய வர்த்தக அலுவலகம், அதாவது ஓ.எஃப்.டி., பின்னாளில் கணக்கிட்டது. நடப்புக் கணக்குகளிலிருந்து அந்த ஆண்டு வங்கிகள் ஈட்டிய சுமார் 830 கோடி பவுண்டில் 260 கோடி இந்தக் கட்டணங்களிலிருந்து வந்தது. இந்தக் கடைசி இரண்டு எண்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வங்கிகளைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்போவதாக நாங்கள் நம்பிய எண்கள்தான் கடைசியில் அவர்களைக் காப்பாற்றின.

எங்கள் கையில் அப்போது இரண்டு ஆயுதங்கள் இருந்தன. ஒன்று பழையது. ஒப்பந்தத்தை மீறியவரிடமிருந்து உண்மையான நட்டத்துக்கு நேர்மையாக முன்கூட்டி மதிப்பிட்ட தொகையை வாங்கலாம், பயமுறுத்துவதற்காக வைத்த தண்டத் தொகையை வாங்க முடியாது என்பது ஆங்கிலேயப் பொதுச் சட்டம். 1915 தீர்ப்புத் தொகுப்பில் வந்த டன்லப் டயர் நிறுவனத்தின் வழக்கில், அன்றைக்கு நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை வகுத்த கோடு அது. ஒரு கணினி ஒரு டைரக்ட் டெபிட்டை மறுத்து ஒரு கடிதத்தை அச்சடிக்க 35 பவுண்டு செலவாகாது என்பதைக் குழந்தையும் சொல்லும். இரண்டாவது ஆயுதம் புதியது: நுகர்வோர் ஒப்பந்தங்களில் நியாயமற்ற நிபந்தனைகள் குறித்த 1999-ஆம் ஆண்டு விதிமுறைகள். ஐரோப்பியக் கூட்டமைப்பின் 1993 உத்தரவிலிருந்து வந்தவை. நல்லெண்ணத்துக்கு மாறாக, நுகர்வோருக்குப் பாதகமாகத் தராசைச் சாய்த்து வைக்கும் நிபந்தனை அவரைக் கட்டுப்படுத்தாது என்று அவை சொல்கின்றன. அதே விதிமுறைகளில் ஆறாவது விதி என்று ஒன்று இருந்தது. அதை அப்போது யாரும் சரியாகப் படிக்கவில்லை. படித்தவர்களும் நமக்குச் சாதகமாகவே படித்தோம்.

2006 ஏப்ரலில் ஓ.எஃப்.டி. கிரெடிட் கார்டுகளின் தாமதக் கட்டணம் 12 பவுண்டுக்கு மேல் போனால் நியாயமற்றது என்று கருதித் தலையிடுவோம் என்றது. கார்டுக்கு 12 என்றால் கணக்குக்கு மட்டும் ஏன் 35? காய்ந்த வைக்கோலில் தீக்குச்சி விழுந்த மாதிரிதான். மாதிரிக் கடிதங்கள் கைக்குக் கை மாறின. நடைமுறையும் எளிது. தகவல் பாதுகாப்புச் சட்டத்தின்படி 10 பவுண்டு கட்டினால் 40 நாட்களுக்குள் வங்கி பழைய கணக்கு விவரங்களைத் தந்தாக வேண்டும். கட்டணங்களைக் கூட்டி ஒரு கடிதம், பதில் திருப்தி இல்லை என்றால் ‘14 நாட்களில் வழக்குப் போடுவேன்’ என்று இன்னொரு கடிதம், அதன்பின் கவுண்டி நீதிமன்றம் எனப்படும் உள்ளூர் சிவில் நீதிமன்றத்தில் என்1 என்ற வழக்குப் படிவம் அல்லது இணையத்தில் மனு. அப்போது 5,000 பவுண்டு வரை சிறு வழக்குப் பிரிவில் போகலாம், வக்கீல் வேண்டாம், தோற்றாலும் பெரும்பாலும் எதிர்த்தரப்பின் வக்கீல் செலவு நம் தலையில் விழாது. கேட்கும் தொகைக்கு 8 சதவீதத் தனி வட்டியும் சேர்த்துக் கேட்கலாம்.

வங்கி என்ன செய்யும்? முதல் கடிதத்துக்கு வருத்தம் தெரிவிக்கும். இரண்டாவதற்குப் பாதித் தொகை தருவதாகச் சொல்லும். வழக்குப் போட்டால் எதிர்வாதம் தாக்கல் செய்து, அவகாசம் கேட்டு இழுக்கும். விசாரணைத் தேதிக்குச் சில நாட்கள் முன்பு முழுத் தொகையையும் கணக்கில் போட்டுவிட்டு, “பொறுப்பை ஒப்புக்கொள்ளாமல், நல்லெண்ண அடிப்படையில்” என்று ஒரு கடிதம் அனுப்பும். 2007 வசந்த காலத்தில் எனக்கு 612 பவுண்டும் வட்டியும் அப்படித்தான் வந்தன. வங்கி வழக்குக்கு வராமலே இருந்து, எதிர்த்தரப்பு இல்லாமல் தீர்ப்பாகி, அதன் பிறகும் பணம் கட்டாததால் நீதிமன்ற அமீனா லண்டனில் ஒரு வங்கிக் கிளைக்குள்ளேயே நுழைந்து கணினிகளைக் கைப்பற்றிய செய்தியும் வந்தது. அன்றைக்கு எங்கள் அலுவலகத்தில் இனிப்பு வாங்கி வைத்தார்கள் என்றால் நம்புவீர்களா?

‘பொறுப்பை ஒப்புக்கொள்ளாமல்’ என்ற இரண்டு சொற்களை நான் சிரித்துக்கொண்டே படித்தேன். சிரித்திருக்கக் கூடாது. ஆயிரக்கணக்கானோர் வென்றோம், ஆனால் அந்த வெற்றிகளில் ஒன்றில்கூட ஒரு நீதிபதி ‘இந்தக் கட்டணம் சட்டவிரோதம்’ என்று எல்லோரையும் கட்டுப்படுத்தும் வலுவோடு சொன்னதில்லை. வங்கிகள் பணத்தைத் திருப்பித் தந்தது கேள்வி பதிலாகிவிடக் கூடாது என்பதற்காகத்தான். 600 பவுண்டு வழக்குக்கு வக்கீலை அனுப்பினால் செலவு அதைவிட அதிகம், தோற்றால் முன்னுதாரணம் ஆகிவிடும் என்ற பயமும் இருந்தது. 2007 மே மாதம் பர்மிங்ஹாம் கவுண்டி நீதிமன்றத்தில் ஒரு வங்கி துணிந்து கடைசி வரை நின்றது. வாடிக்கையாளர் தோற்றார். கட்டணம் என்பது ஒப்பந்த மீறலுக்கான தண்டமே அல்ல, சேவைக்கு விலை என்று அந்த மாவட்ட நீதிபதி ஏற்றுக்கொண்டார். ‘கவுண்டி நீதிமன்றத் தீர்ப்பு யாரையும் கட்டுப்படுத்தாது, பயப்படாதீர்கள்’ என்று நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். சொன்னதில் தவறில்லை. ஆனால் வரப்போவதன் நிழல் அதில் இருந்தது.

2007 ஜூலை 27. ஓ.எஃப்.டி.யும் ஏழு வங்கிகளும் ஒரு கட்டடச் சங்கமும் (உறுப்பினர்களுக்கே சொந்தமான, வங்கி போன்ற அமைப்பு) சேர்ந்து உயர் நீதிமன்றத்தில் ஒரு சோதனை வழக்கு நடத்த ஒப்புக்கொண்டதாக அறிவித்தன. அபே நேஷனல், பார்க்லேஸ், கிளைட்ஸ்டேல், ஹெச்.பி.ஓ.எஸ்., ஹெச்.எஸ்.பி.சி., லாயிட்ஸ் டி.எஸ்.பி., ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து, கூடவே நேஷன்வைட். அதே நாளில் கட்டுப்பாட்டு அமைப்பு வங்கிகளுக்கு ஒரு விலக்கு அளித்தது: தீர்ப்பு வரும்வரை இதுபோன்ற புகார்களுக்குப் பதில் சொல்ல வேண்டாம். கவுண்டி நீதிமன்றங்கள் நிலுவையில் இருந்த வழக்குகளுக்கு ஒவ்வொன்றாகத் தடை போட்டன. என் மைத்துனர் மாதிரிக் கடிதத்தை என்னிடம் வாங்கிக்கொண்டு போய், படிவத்தை ஆகஸ்ட் முதல் வாரத்தில் கொடுத்தார். அதே வங்கி, அதே கட்டணம், என்னைவிட இரண்டு மடங்கு தொகை. எனக்கும் அவருக்கும் நடுவில் சில மாதங்கள்தான். அவருக்கு வந்தது தடை உத்தரவு. “கொஞ்சம் பொறுங்கள், மாமா. அரசாங்கமே நமக்காக வழக்காடுகிறது” என்று நான்தான் தைரியம் சொன்னேன்.

முதல் இரண்டு சுற்று நன்றாகவே போனது. 2008 ஏப்ரல் 24 அன்று நீதிபதி ஆண்ட்ரூ ஸ்மித் தீர்ப்புச் சொன்னார். 1915 ஆயுதம் செல்லாது என்றார். கணக்கில் இல்லாத பணத்துக்கு ஒருவர் காசோலை எழுதினால் அது ஒப்பந்த மீறல் ஆகாது, ‘எனக்குக் கடன் தருகிறீர்களா’ என்று வங்கியிடம் கேட்பதாகவே ஒப்பந்தங்கள் எழுதப்பட்டிருக்கின்றன, மீறல் இல்லாத இடத்தில் தண்டம் ஏது? ஆனால் 1999 விதிமுறைகளின்படி கட்டணங்களின் நியாயத்தைச் சோதிக்கலாம் என்றார். 2009 பிப்ரவரி 26 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஜூன் மாதம் பிரபுக்கள் சபையில் வாதம் நடந்தது. தீர்ப்பு எழுதுவதற்குள் அக்டோபரில் அந்த நீதி அமைப்பே புதிய உச்ச நீதிமன்றமாக மாறிவிட்டது.

2009 நவம்பர் 25 அன்று லார்ட் ஃபிலிப்ஸ், லார்ட் வாக்கர், லேடி ஹேல், லார்ட் மான்ஸ், லார்ட் நியூபெர்கர் ஐவரும் ஒருமனதாக வங்கிகள் பக்கம் தீர்ப்பளித்தார்கள்.

அந்த ஆறாவது விதி சொல்வது இதுதான்: நிபந்தனை தெளிவான மொழியில் இருந்தால், பொருளுக்கோ சேவைக்கோ கொடுக்கும் விலை பொருத்தமானதா என்பதை நீதிமன்றம் அளந்து பார்க்கக் கூடாது. விலை சந்தையின் விஷயம். அப்படியென்றால் கேள்வி ஒன்றே ஒன்று: 35 பவுண்டு என்பது விலையா, இல்லையா?

நம் ஊர்க் கல்யாண மண்டபம் ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். வாடகை கிடையாது, விளக்கு, தண்ணீர், நாற்காலி எல்லாம் இலவசம் என்று உரிமையாளர் சொல்கிறார். ஆனால் இரவு பத்து மணிக்கு மேல் ஒரு நிமிடம் தாண்டினாலும் ஐயாயிரம் ரூபாய். பத்துக் கல்யாணத்தில் எட்டு நேரத்தோடு முடிந்துவிடுகின்றன. பாயசம் தாமதமான இரண்டு வீட்டார் கொடுக்கும் பணத்தில்தான் மண்டபமே நடக்கிறது. அந்த ஐயாயிரம் தண்டமா, வாடகையா? கொடுப்பவரைக் கேட்டால் தண்டம் என்பார், உரிமையாளரின் கணக்குப் பேரேட்டைப் பார்த்தால் வாடகை. ஓ.எஃப்.டி. கொடுப்பவரின் கண்ணால் பார்க்கச் சொன்னது. கீழ் நீதிமன்றங்கள் அப்படித்தான் பார்த்தன. உச்ச நீதிமன்றம் பேரேட்டைப் பார்த்தது. நடப்புக் கணக்கு, ஏ.டி.எம்., காசோலை, மாத அறிக்கை எல்லாம் ஒரே கட்டு. அந்தக் கட்டுக்கு வாடிக்கையாளர்கள் கொடுக்கும் விலையின் ஒரு பகுதி, இருப்பில் கிடக்கும் பணத்துக்கு அவர்கள் வாங்காமல் விடும் வட்டி. இன்னொரு பகுதி இந்தக் கட்டணங்கள். நடப்புக் கணக்கு வருமானத்தில் 30 சதவீதத்துக்கு மேல் இதிலிருந்து வருகிறது என்றால், இதை ஓரத்து விஷயம் என்று எப்படிச் சொல்வது? கொள்ளை சின்னதாக இருந்திருந்தால் ஒருவேளை வென்றிருப்போம் என்று என் மைத்துனர் அன்று சொன்னார். கசப்பில் சொன்னதுதான், ஆனால் தீர்ப்பைத் திரும்பத் திரும்பப் படித்த பிறகும் எனக்கு அதைவிடச் சுருக்கமான விளக்கம் கிடைக்கவில்லை.

செய்தித்தாள்கள் அன்று ‘கட்டணம் நியாயமானதே’ என்று தீர்ப்பு வந்ததாக எழுதின. அது தவறு. நியாயமா இல்லையா என்ற கேள்வியை அந்த ஐவரும் தொடவே இல்லை. தொகை அதிகம் என்ற காரணத்தைச் சொல்லி அந்தக் கேள்வியை எழுப்ப முடியாது என்று மட்டுமே சொன்னார்கள். எதிர்பாராத இக்கட்டில் மாட்டிக்கொண்ட சிலர் மற்ற எல்லோருடைய இலவசச் சேவைக்கும் பணம் கட்டுவது நியாயமா என்ற சந்தேகத்தை லார்ட் ஃபிலிப்ஸ் எழுப்பிவிட்டு, அது தம் முன் இருக்கும் கேள்வி அல்ல என்று நகர்ந்தார். நாடாளுமன்றம் வேண்டுமானால் இந்தச் சட்டத்தைத் திரும்பப் பார்க்கட்டும் என்று லார்ட் வாக்கர் எழுதினார். ஐரோப்பியச் சட்டத்திலிருந்து வந்த விதி என்பதால் லக்ஸம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றத்திடம் விளக்கம் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. 2014-இல் ஹங்கேரியிலிருந்து போன கடன் வழக்கு ஒன்றில் அந்த நீதிமன்றம் இதே விதிவிலக்கைக் குறுக்கிப் படிக்க வேண்டும் என்று சொன்னபோது, இங்கே பலர் 2009-ஐ நினைத்துப் பெருமூச்சு விட்டோம்.

ஓ.எஃப்.டி. வேறு காரணங்களில் வழக்கைத் தொடர்ந்திருக்கலாம். 2009 டிசம்பர் 22 அன்று, தொடரப் போவதில்லை என்று கைவிட்டது. தடைகள் நீங்கின, வங்கிகள் வழக்குகளைத் தள்ளுபடி செய்யக் கேட்டன, பெரும்பாலானவை தள்ளுபடி ஆயின. என் மைத்துனருக்கு இரண்டரை ஆண்டு காத்திருந்து கிடைத்தது ஒரு பக்க உத்தரவு. நீதிமன்றக் கட்டணமும் போனது. அதன் பிறகு அவர் என்னிடம் கடிதம் எழுதித் தரக் கேட்டதில்லை.

இப்போது உங்கள் 1,140 பவுண்டுக்கு வருவோம். முதல் சுவர், அந்த 2009 தீர்ப்பு. இரண்டாவது சுவர் காலம்: ஒப்பந்த வழக்குக்கு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆறு ஆண்டு, ஸ்காட்லாந்தில் ஐந்து. 2008-இன் கடைசிக் கட்டணமும் 2014-இலேயே காலாவதி ஆகிவிட்டது. 2015-இல் நுகர்வோர் உரிமைச் சட்டம் வந்து, விலை நிபந்தனை கண்ணில் படும்படியும் இருந்தால்தான் தப்பிக்கும் என்று கொஞ்சம் இறுக்கியது. அது 2015 அக்டோபருக்குப் பிந்தைய ஒப்பந்தங்களுக்குத்தான். அதே ஆண்டு நவம்பரில், கார் நிறுத்துமிடத்தில் 85 பவுண்டு கட்டண வழக்கில் உச்ச நீதிமன்றம் 1915 கோட்டையும் மாற்றி வரைந்தது: தொகை நட்டத்தைவிட அதிகமாக இருந்தாலும், வசூலிப்பவருக்கு நியாயமான ஒரு நலன் அதில் இருந்தால் செல்லும். ஆக, பழைய ஆயுதம் இரண்டுமே இப்போது மழுங்கல்.

சட்டம் தெரிந்த யாராவது உங்களிடம் ‘140ஏ’ என்று சொல்லக்கூடும். 1974 நுகர்வோர் கடன் சட்டத்தில் பின்னால் சேர்த்த பிரிவு அது. கடன் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் உள்ள உறவே நியாயமற்றது என்று நீதிமன்றம் கருதினால் தலையிடலாம். 2023 அக்டோபரில் ஒரு காப்புறுதி வழக்கில் உச்ச நீதிமன்றம், அந்த ஆறு ஆண்டு என்பது கடன் உறவு முடிந்த நாளிலிருந்துதான் எண்ணப்படும் என்றது. உங்கள் கணக்கு இன்னும் ஓடுகிறது என்றால் தாளில் ஒரு வாதம் இருக்கிறது. ஆனால் அன்றைக்கு எல்லா வங்கியும் வாங்கிய அளவு கட்டணம், விலை என்று உச்ச நீதிமன்றமே சொன்ன கட்டணம், உங்கள் ஒருவருடைய உறவை மட்டும் எப்படி நியாயமற்றதாக்கியது என்று நீங்கள் காட்ட வேண்டும். 1,140 பவுண்டுக்காக வங்கியின் வக்கீலோடு இந்த வாதத்தில் இறங்குவது என் பார்வையில் வீண் வேலை. 80 பவுண்டு மனுக் கட்டணமும், அதற்கு மேல் விசாரணைக் கட்டணமும், ஒரு வருடத் தூக்கமும் போகும்.

உங்களைத் துரத்தும் நிறுவனத்துக்கு இதெல்லாம் தெரியும். இப்படிப்பட்ட இடைத்தரகர்கள் நிதிச் சேவைப் புகார்களுக்கு வாங்கும் கூலிக்கு 2022 மார்ச்சிலிருந்து உச்சவரம்பு இருக்கிறது. 1,500 பவுண்டுக்குக் கீழே கிடைத்தால் 30 சதவீதம், எப்படியும் 420 பவுண்டுக்கு மேல் கூடாது. அவர்கள் உங்களிடம் சொன்ன 30 அங்கிருந்துதான் வருகிறது. அவர்கள் செய்வது, நீங்கள் ஒரு மாலையில் எழுதக்கூடிய கடிதத்தை உங்கள் பெயரில் அனுப்புவது. பழைய கட்டணம் என்று பேச்சை ஆரம்பித்து, கையெழுத்து வாங்கும் தாளில் ‘எல்லாப் புகார்களும்’ என்று சேர்த்துக்கொள்வார்கள். நாளைக்கு உங்கள் இப்போதைய ஓவர்டிராஃப்டில் பணம் வந்தால் அதிலும் பங்கு.

அந்த இப்போதைய ஓவர்டிராஃப்ட்தான் விஷயம். நீதிமன்றம் செய்ய மறுத்ததைப் பத்து ஆண்டு கழித்துக் கட்டுப்பாட்டு அமைப்பு செய்தது. 2016-இல் முன் அனுமதி இல்லாத ஓவர்டிராஃப்ட் கட்டணங்களில் பாதிக்கு மேல் வெறும் 1.5 சதவீத வாடிக்கையாளர்களிடமிருந்து வந்தது என்று எஃப்.சி.ஏ. எனப்படும் நிதி நடத்தை ஆணையம் கண்டறிந்தது. 2020 ஏப்ரல் 6 முதல் நாள் கட்டணம், மாதக் கட்டணம் எல்லாவற்றுக்கும் தடை. ஓவர்டிராஃப்டுக்கு ஒரே ஆண்டு வட்டி விகிதம் மட்டுமே வாங்கலாம், அனுமதி இல்லாததற்கு அனுமதி உள்ளதைவிட அதிகம் கேட்கக் கூடாது. 100 பவுண்டு மைனஸில் இருந்தால் நாளுக்கு 5 பவுண்டு என்று இருந்தது 20 பென்ஸுக்குக் கீழே இறங்கும் என்று அவர்கள் கணக்குச் சொன்னார்கள். வங்கிகள் சும்மா இருக்குமா? அனுமதி உள்ள ஓவர்டிராஃப்டின் வட்டியையும் சேர்த்து 40 சதவீதத்தை ஒட்டிக் கொண்டுபோய் வைத்தன. உங்கள் 39.9 அப்படி வந்ததுதான். 1,500 பவுண்டுக்கு மாதம் 40 பவுண்டுக்கு மேல் வட்டியாகவே போகும்.

இங்கே ‘வட்டி அதிகம்’ என்று வாதாடாதீர்கள். அது விலை, பழைய சுவரில் போய் முட்டும். நீங்கள் சொல்ல வேண்டியது வேறு. ஓவர்டிராஃப்ட் என்பது மாதக் கடைசியில் மூச்சு வாங்க, நீண்ட காலக் கடனுக்கு அல்ல. ஒரு வாடிக்கையாளர் மாதக்கணக்கில் வரம்பின் அடியிலேயே கிடக்கிறார், சம்பளம் வந்தாலும் மேலே வருவதில்லை என்றால், அதைக் கவனித்துத் தொடர்புகொண்டு உதவ வேண்டும் என்று எஃப்.சி.ஏ. விதி 2019 டிசம்பரிலிருந்து இருக்கிறது. வங்கி ஆண்டுதோறும் வரம்பைப் புதுப்பிக்கும்போது உங்கள் கணக்கைப் பார்த்ததா? பார்த்தால் தெரிந்திருக்குமே? தெரிந்தும் வட்டி ஏற்றிக்கொண்டே இருந்ததா? இந்தப் புகாரை நிதி ஆம்புட்ஸ்மன், அதாவது வங்கிகள் மீதான புகார்களை நீதிமன்றத்துக்கு வெளியே தீர்த்துவைக்கும் நடுவர், எடுத்துக்கொள்வார். வங்கி விழித்திருக்க வேண்டிய தேதி எது என்று பார்த்து, அந்தத் தேதிக்குப் பிந்தைய ஓவர்டிராஃப்ட் வட்டியையும் கட்டணத்தையும் நீக்கி, மீதம் இருந்தால் அதற்கு வட்டியோடு உங்களுக்குத் தரச் சொல்வது அவர் வழக்கமாகச் செய்வது.

நீதிமன்றத்தை விட்டு ஆம்புட்ஸ்மனிடம் ஏன்? செலவு இல்லை என்பது ஒரு காரணம். பெரிய காரணம் வேறு. நீதிபதி சட்டம் என்ன என்று மட்டுமே பார்க்க முடியும். ஆம்புட்ஸ்மன் சட்டத்தையும் விதிகளையும் கணக்கில் எடுத்துக்கொண்டு, இந்த ஒரு ஆளுக்கு நடந்ததில் எது நியாயம் என்று தீர்மானிக்க வேண்டும் என்றே சட்டம் சொல்கிறது. அவர் முடிவை நீங்கள் ஏற்றால் வங்கி மீற முடியாது. ஏற்காவிட்டால் நீதிமன்ற வழி உங்களுக்கு அப்படியே இருக்கும். காலவரம்பு உண்டு: நடந்ததிலிருந்து ஆறு ஆண்டு, அல்லது புகாருக்குக் காரணம் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியவந்திருக்க வேண்டிய நாளிலிருந்து மூன்று ஆண்டு, எது பிந்தியதோ அது. 2020 நவம்பர் என்கிறீர்கள். ஆகவே தள்ளிப்போடாதீர்கள்.

முதலில் வங்கியிடம் 2020-இலிருந்து கணக்கு அறிக்கைகளையும், வரம்பைப் புதுப்பித்தபோது அவர்கள் எழுதிவைத்த குறிப்புகளையும் கேளுங்கள். அந்த 10 பவுண்டு இப்போது இல்லை, ஒரு மாதத்துக்குள் இலவசமாகத் தர வேண்டும். மாதத்துக்கு ஒரு வரி எழுதுங்கள்: சம்பளம் வந்த அன்று மாலை இருப்பு எவ்வளவு. ‘மைனஸ் 1,480, மைனஸ் 1,455, மைனஸ் 1,500’ என்று 24 வரி தொடர்ந்து இருந்தால், அதைவிடப் பெரிய வாதம் வேண்டியதில்லை. கடிதத்தில் கோபம் வேண்டாம். உங்கள் வருமானம், வாடகை, குழந்தைகள், அந்தக் காலத்தில் வேலை குறைந்திருந்தால் அது, ஊருக்கு அனுப்பிய பணம்கூட, அப்படியே எழுதுங்கள். ஊருக்கு அனுப்பியதை மறைக்க நம்மவர்களுக்குக் கை துறுதுறுக்கும். மறைக்காதீர்கள், அறிக்கையில் அது ஏற்கெனவே இருக்கிறது.

கடிதம் அனுப்புமுன் வேறொரு வங்கியில் ஓவர்டிராஃப்ட் இல்லாத அடிப்படைக் கணக்கு ஒன்றைத் திறந்து சம்பளத்தை அங்கே மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் வரும் சம்பளம் முழுவதையும் பழைய வங்கி கடனுக்கு ஈடாக விழுங்கிக்கொண்டே இருக்கும். வேறு கடன்களும் கழுத்தை நெரிக்கின்றன என்றால், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ‘பிரீதிங் ஸ்பேஸ்’ என்ற 60 நாள் ஏற்பாடு 2021 மே முதல் இருக்கிறது. அந்த நாட்களில் பெரும்பாலான கடன்களுக்கு வட்டியும் கட்டணமும் ஏறாது, வசூல் நடவடிக்கையும் நிற்கும். நேரடியாக விண்ணப்பிக்க முடியாது, கடன் ஆலோசகர் வழியாகத்தான். ஸ்டெப்சேஞ்ச், நேஷனல் டெட்லைன், சிட்டிசன்ஸ் அட்வைஸ் மூன்றுமே காசு வாங்குவதில்லை.

உங்கள் புகார் வங்கியின் கையில் கிடைத்த நாளிலிருந்து எட்டு வாரம் அவர்களுக்கு. அதற்குள் இறுதிப் பதில் வந்தால் அதன் தேதியிலிருந்து ஆறு மாதத்துக்குள் ஆம்புட்ஸ்மனிடம் போக வேண்டும். எட்டு வாரத்தில் பதிலே வராவிட்டால், காத்திருக்காமல் அடுத்த நாளே போகலாம். முதல் பதிலில் 75 பவுண்டோ 100 பவுண்டோ நல்லெண்ணமாகத் தருவதாக எழுதுவார்கள். அந்தச் சொல்லைப் பார்த்ததும் கையெழுத்துப் போட்டுவிடாமல் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள்.